உங்களுக்குத் தெரியுமா? ரஷ்ய ரசிகரின் தலையெழுத்து!

2022 வரை நடந்த உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டிகளில் ஒரே ஆட்டத்தில் 5 கோல் அடித்தவர் ஒருவர்தான்: ரஷ்யாவின் ஒலெக் சலென்கோ. 1994 ஜூன் 28-இல் நடந்த அந்த ஆட்டத்தில் கேமரூனை ரஷ்யா 6-1 எனப் பந்தாடியது. ஆனாலும் முதல் சுற்றோடு மூட்டை கட்டியது! அந்தத் தொடரில் மொத்தம் 6 கோல் அடித்த சலென்கோ, அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியைப் பல்கேரியாவின் ஸ்டாய்ச்கோவுடன் பகிர்ந்துகொண்டார். அணி வெளியே, விருது உள்ளே.

1960-இல் நடந்த முதல் ஐரோப்பியக் கோப்பையைச் சோவியத் யூனியன் வென்றது. அதன்பின் சோவியத் அணியோ ரஷ்ய அணியோ உலகக் கோப்பையையோ ஐரோப்பியக் கோப்பையையோ வென்றதில்லை.

2018-இல் சொந்த மண்ணில் உலகக் கோப்பை. தரவரிசையில் ரஷ்யாவுக்கு 70-ஆவது இடம். வந்திருந்த 32 அணிகளில் கடைசி. ரசிகர்களே பெரிதாக எதிர்பார்க்கவில்லை. ஆனால் லூஷ்னிகி அரங்கில் ஸ்பெயினுடனான ஆட்டம் 1-1 எனச் சமனாகி, பெனால்டிக்குப் போனது. ஸ்பெயின் வீரர் அஸ்பாஸ் உதைத்த பந்து நடுவே வந்தது. ரஷ்ய கோல்கீப்பர் அகின்ஃபெயெவ் அதற்குள் ஒரு பக்கம் பாய்ந்துவிட்டார். பின்தங்கிய இடது கால் மட்டும் மேலே எழும்பி, பந்தைத் தட்டிவிட்டது. ஸ்பெயின் வெளியேறியது! பயிற்சியாளர் செர்செசோவின் மீசையைப் போல ஒட்டுமீசை வைத்துக்கொண்டு ரசிகர்கள் கொண்டாடினார்கள். (மீசைக்கு இவ்வளவு மவுசு நம்மூரில்தான் என்று நினைத்திருந்தோம்!) காலிறுதியில் குரோஷியா அதே பெனால்டியில் கணக்கைத் தீர்த்தது.

உக்ரைன் மீதான படையெடுப்பைத் தொடர்ந்து 2022 பிப்ரவரியில் ஃபிஃபாவும் யூஈஎஃப்ஏவும் ரஷ்ய அணிகளுக்குத் தடை விதித்தன. 2026 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றிலும் ரஷ்யா ஆடவில்லை.