மடிக்கணினியின் திரை இருண்டால்

பொருளொன்றில் ஓருறுப்புப் பழுதுபட்டால், முழுப்பொருளும் கெட்டதெனக் கருதிவிடுதல் பலர்க்கும் இயல்பு. மடிக்கணினியின் திரை இருண்டவிடத்து இவ்வெண்ணம் வீண்செலவிற் கொண்டுபோய் விடுதலும் உண்டு.

சென்ற ஆண்டு தேர்வுக்குச் சில நாட்களே எஞ்சியிருந்த பொழுது, மாணவியொருத்தி தன் கணினியை ஏந்தி என்பால் வந்தாள். தமிழ்நாட்டு அரசினர் 2011ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்கீழ் அவள் தமையன் பெற்றது அது. அவன் படித்து முடித்தபின் அவள் கைக்கு வந்தது. பொத்தானை அழுத்தினால் விசிறி சுழன்றது. திரையோ கரும்பலகைபோற் கிடந்தது. இனி இது பயன்படாது, புதிதொன்று வாங்குக எனக் கடையொன்றிற் கூறினராம். நாட்டுப்படகில் மீன்பிடிக்கும் அவள் தந்தைக்கு அஃது எளிதன்று. அவள் எழுதி முடித்த ஆய்வுக் கட்டுரையோ அதனுள்ளேயே அகப்பட்டிருந்தது.

இந்நிலையில் முதற்கண் அறியவேண்டுவது, ஒளி வேறு, உருவம் வேறு என்பதே. இத்தகைய திரையிலுள்ள திரவப் படிகம் தானே ஒளிவிடுவதன்று. 1888ஆம் ஆண்டு ரைனிட்சர் என்னும் ஆஸ்திரிய தாவரவியலறிஞர் இதன் தன்மையை முதலிற் கண்டார். இது பலகணியிலிட்ட திரைச்சீலையைப் போலப் பின்னிருந்து வரும் ஒளியை வேண்டியவாறு விட்டும் தடுத்தும் உருவங்காட்டுகிறது. ஒளி தருவன பின்னுள்ள சிறு எல்.இ.டி. விளக்குகள். உருவச்செய்தியும் மின்சாரமும் தாய்ப்பலகையினின்று கீலின் வழியாகச் செல்லும் மெல்லிய வடத்தில் வருகின்றன. ஆகவே விளக்கு, படிகத்தட்டு, வடம், தாய்ப்பலகை என்னும் நான்கனுள் பழுது எதன்கண் உளது என ஆராய்தல் வேண்டும்.

நம் முத்துக்குளித்துறையின் பழைய வழக்கமொன்று ஈண்டு நினைக்கத்தக்கது. குளிப்புக்கு முன்னர்ப் பாரிலிருந்து மாதிரிக்குச் சில சிப்பிகளை எடுத்துத் திறந்து, கிடைத்த முத்துக்களை மதிப்பிட்டு, ஆதாயம் உண்டெனக் கண்டபின்னரே குளிப்பை அறிவிப்பர். 1961ஆம் ஆண்டோடு குளிப்பு நின்றுபோயினும், பெருஞ்செலவுக்கு முன் சிறுசோதனை என்னும் அம்முறை இன்றும் பயன்படுவதே.

முதலாவது, ஒளியைக் கூட்டும் விசையை அழுத்திப் பார்க்க. பின்னர்க் கணினியை நிறுத்தி, மின்னிணைப்பையும், கழற்றக்கூடியதாயின் மின்கலத்தையும் நீக்கி, பொத்தானை அரை நிமிடம் அழுத்திவிட்டு மீண்டும் இயக்குக.

இரண்டாவது, இருட்டறையில் கைவிளக்கின் ஒளியைத் திரைமேற் சாய்வாக வீழ்த்துக. உருவம் மங்கலாகத் தோன்றுமாயின், படிகத்தட்டு வேலை செய்கிறது. பழுது விளக்கிலோ அதற்கு மின்சாரம் செல்லும் வழியிலோ உளது.

மூன்றாவது, எச்.டி.எம்.ஐ. வடத்தால் வேறொரு திரையையோ தொலைக்காட்சியையோ இணைக்க. அதில் உருவம் தெளிவாக வருமாயின், கணினியின் உள்ளம் நலமாக உளது. அப்பொழுதே வேண்டிய கோப்புகளைப் படியெடுத்துக் கொள்க. அங்கும் கோடுகளே தோன்றின் உருவமாக்கும் சில்லையும், ஒன்றுமே தோன்றாவிடின் முதலில் நினைவகத் தகட்டின் பொருத்தத்தையும் ஐயுறல் வேண்டும்.

நான்காவது, மூடியை மெல்லத் திறந்து மூடிப் பார்க்க. அவ்வசைவுக்கேற்பத் திரை ஒளிர்ந்தும் அணைந்தும் வருமாயின், கீலினூடே செல்லும் வடத்தின்மேல் ஐயங்கொள்க.

அம்மாணவியின் கணினியில், கைவிளக்கொளியில் எழுத்துக்கள் மங்கலாகத் தெரிந்தன. வேறு திரையில் யாவும் தெளிவாக வந்தன. கட்டுரையை முதலில் படியெடுத்தோம். பின்னர்ப் பழகிய கைவினைஞர் ஒருவர் மின்கலத்தின் இணைப்பை நீக்கி உள்ளே பார்த்தார். வடத்தின் முனையிற் பச்சைநிறக் களிம்பு படிந்திருந்தது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து மீண்டும் பொருத்தியதும் திரை ஒளிர்ந்தது.

களிம்பின் காரணம் தூத்துக்குடியில் வாழ்வார்க்குப் புதிதன்று. கடற்காற்று உப்புத்துகளைச் சுமந்து வருகிறது. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75ஐக் கடந்தால் சமையலுப்பும் ஈரத்தை ஈர்த்துக் கசியும். உப்பிலுள்ள மக்னீசியக் குளோரைடு அதனினும் குறைந்த ஈரப்பதத்திலேயே கசியும். மழைக்காலத்தில் உப்புச்சாடியில் நாம் காண்பது இதுவே. அவ்வுப்புநீர் செம்பை அரித்துக் களிம்பாக்குகிறது. ஆதலின் கணினியைக் கடல்நோக்கிய பலகணியருகில் திறந்துவைத்தல் தகாது.

ஓர் எச்சரிக்கை: எல்.இ.டி. விளக்குகளுக்கு முற்பட்ட கணினிகளின் ஒளிக்குழலுக்கு நூற்றுக்கணக்கான வோல்ட்டு மின்னழுத்தம் செல்லும். அவற்றை அறிந்தவரே திறத்தல் நன்று. மேற்கூறிய நான்கு சோதனைகளோ எவர்க்கும் எளியன. கணினியைத் திறவாமலே செய்யத்தக்கன. அவற்றைச் செய்து பாராது, வீட்டிலுள்ள பழைய கணினியை எவரும் கைவிடாதிருப்பாராக.