கத்தியும் எழுத்தாணியும் ஓர் உறையில்

நேயர்களே, கத்தியையும் எழுத்தையும் எதிரெதிரே நிறுத்திப் பேசுவது எமது மேடைகளில் நெடுநாள் வழக்கம். கத்தி அழிக்கும், எழுத்து ஆக்கும் என்று சொன்னால் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் இந்த நாட்டின் மலைநாட்டிலே ஒரு காலத்தில் கத்தியும் எழுத்தாணியும் ஒரே உறையில், ஒன்றுக்கொன்று அணைவாக, ஒரே மனிதரின் இடுப்பிலே இருந்தன. இந்த வாரம் அந்தக் கத்தியைப் பற்றியும், அதைச் செய்த கைகளைப் பற்றியும், அதைத் தேடிச் சேர்ப்பவர்களைப் பற்றியும் சிறிது பேசுவோம்.

அதன் பெயர் 'பிஹா கெத்த'. சிங்களத்தில் 'பிஹிய' என்றால் கத்தி. 'கெத்த' என்பது நாம் கொடுவாக்கத்தி என்று சொல்லும் வகையைச் சேர்ந்தது. இரண்டு பெயரும் சேர்ந்து ஒரு பொருளுக்கு ஆகிவிட்டன. கண்டி இராச்சியத்தின் பிரதானிகள் அணிந்த கத்தி இது. பெரும்பாலும் ஓர் அடி நீளத்துக்கு முன்பின்னாக இருக்கும். ஒரு பக்கம் மட்டுமே கூர். முதுகு தடித்தது, அலகு அகன்றது, கையில் எடுத்தால் கனம் தெரியும். பிடி யானைத் தந்தத்திலோ கொம்பிலோ மரத்திலோ அமைந்திருக்கும். அருமையாகப் பளிங்குக் கல்லில் கடைந்த பிடிகளும் உண்டு. அலகின் முதுகுப்புறத்தில், பிடியை ஒட்டிய பாதியில், வெள்ளியும் பித்தளையும் இழைத்த கொடி வேலைப்பாடு ஓடும். மற்றப் பாதி வெறும் உருக்கு. வெட்டும் இடத்தில் அலங்காரம் இல்லை, அலங்கரித்த இடத்தால் வெட்டுவதுமில்லை. இந்தப் பங்கீட்டிலேயே அந்த வினைஞனின் இரசனை தெரிந்துவிடுகிறது.

1660 இல் கண்டி மன்னனிடம் சிறைப்பட்டு, 1679 இல் தப்பிச் சென்ற றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1681 இல் வெளியிட்ட நூலில், பிரதானிகளின் உடையைப் பற்றி எழுதுமிடத்தில், வெள்ளி இழைத்த பிடியுள்ள கத்தியொன்றை அவர்கள் மார்போரம் செருகியிருப்பார்கள் என்று குறித்திருக்கிறார். பக்கத்தில் குறுவாள், கையில் வர்ணம் தீட்டிய பிரம்பு, பின்னால் வெற்றிலைப் பை சுமக்கும் பையன் என்று அந்தக் காட்சி விரிகிறது. ஆக, கத்தி அங்கே ஆயுதம் மட்டுமல்ல. அணிந்தவரின் தகுதியைச் சொல்லும் அணிகலனும் ஆகும்.

இவற்றில் சிறந்தவை 'பட்டல் ஹத்தர' என்னும் அரச பட்டறைகளில் உருவானவை. பட்டல் ஹத்தர என்றால் நான்கு பட்டறைகள் என்று பொருள். முடி, ஆபரணம், பொன்வாள், சிங்காசனம் என்ற பெயர்களோடு அவை அழைக்கப்பட்டன. பரம்பரை வினைஞர்களே அங்கு பணிபுரிந்தார்கள். அவர்களுக்குச் சம்பளம் பணமாக வரவில்லை, காணியாக வந்தது. காணியை உழுது உண்பதற்கு ஈடாக அரசனுக்கோ கோயிலுக்கோ பிரதானிக்கோ தம் கைத்தொழிலைக் கொடுத்தார்கள். ஆகவே ஒரு கத்தியை இத்தனை நாளில் முடித்தாக வேண்டும் என்ற அவசரம் அவர்களுக்கு இருக்கவில்லை. இன்ன விலைக்குள் அடக்க வேண்டும் என்ற கணக்கும் இருக்கவில்லை. நாம் இன்று வியக்கும் நுணுக்கத்துக்குப் பின்னால் திறமை மட்டுமல்ல, இத்தகைய ஒரு வாழ்க்கை ஏற்பாடும் இருந்தது என்பதை மறக்கக்கூடாது.

வெள்ளி இழைப்பது எப்படி என்று பார்ப்போம். முதலில் உருக்கின் மேல் சிற்றுளியால் கொடியின் பாதையைப் பள்ளமாக வெட்டுவார்கள். அந்தப் பள்ளம் மேலே ஒடுங்கியும் அடியில் சற்று அகன்றும் இருக்க வேண்டும். பிறகு மெல்லிய வெள்ளிக் கம்பியை அதில் வைத்துத் தட்டுவார்கள். மென்மையான வெள்ளி அடியில் பரந்து, உள்ளே சிக்கிக்கொள்ளும். ஒட்டும் பசையும் இல்லை, பற்றவைப்பும் இல்லை. மேலே துருத்துவதை அராவி மட்டப்படுத்தினால் கறுத்த உருக்கில் வெண்கொடி படர்ந்ததுபோல் இருக்கும். 'லியவெல' என்னும் இந்தக் கொடியோடு, 'சேரபெந்தியா' என்னும் கற்பனைப் பறவையின் தலையும் பல கத்திகளில் வரும். ஓர் உளி தவறினால் அலகே பாழ். வார்ப்பு அச்சு கிடையாது. அதனால்தான் ஒரு கத்தியைப் போல் இன்னொன்று இருப்பதில்லை.

அந்த உருக்குக்கும் ஒரு வரலாறு உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-கிந்தி என்ற அறிஞர் வாள்களைப் பற்றி எழுதிய நூலிலே 'சரந்தீப்' உருக்கைக் குறிப்பிடுகிறார். சரந்தீப் என்பது எமது தீவு. சமனலவெவப் பகுதியின் மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில், தென்மேற்குப் பருவக் காற்றையே துருத்தியாகக் கொண்டு இரும்பு உருக்கிய பழைய உலைகளை கில் ஜூலெவ் என்ற ஆய்வாளர் கண்டறிந்து, 1996 இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியிட்டார். அதே முறையில் உலை கட்டிக் காற்று வீசும் காலத்தில் உருக்கிப் பார்த்தும் காட்டினார். மழையோடு வரும் காற்றை எமது கவிஞர்கள் பாடினார்கள். கொல்லர்களோ அதை வேலைக்கு அமர்த்தினார்கள்.

இனி எழுத்தாணிக்கு வருவோம். பிஹா கெத்தவின் உறை மரத்தாலானது. அதற்கு வெள்ளிப் பட்டி கட்டியிருப்பார்கள். பல உறைகளின் ஓரத்தில் இன்னொரு சிறு துவாரம் இருக்கும். அதில் செருகுவது எழுத்தாணி. ஏன் என்று கேட்டால், ஓலையில் எழுதியவர்களுக்கு விடை உடனே புரியும். ஓலை, கடையில் வாங்கிய காகிதம்போல் தயாராக வருவதில்லை. ஈர்க்கு நீக்க வேண்டும், அளவுக்கு நறுக்க வேண்டும், ஓரத்தை வார வேண்டும். கத்தி இல்லாமல் எழுத்து இல்லை.

இது கண்டிக்கு மட்டும் உரியதன்று. தமிழரிடமும் வாரெழுத்தாணி என்று ஒன்று இருந்தது. ஒரு முனையால் எழுதலாம், மறுமுனையிலுள்ள கத்தியால் ஓலை வாரலாம். பிடிக்குள் மடக்கிக்கொள்ளும் மடக்கெழுத்தாணியும் இருந்தது. இவற்றைப் பற்றி உ. வே. சாமிநாதையர் தமது சுயசரிதத்தில் விளக்கியிருக்கிறார். ஓலையிலே எழுதிய சிறு கடிதத்துக்கு 'நறுக்கு' என்றே பெயர். யாழ்ப்பாணத்துப் பனையோலைப் பெட்டி இழைப்பவர்களின் சத்தகத்தையும் இந்தக் குடும்பத்தில் சேர்க்கலாம். அதில் வெள்ளி இல்லை, தந்தம் இல்லை. ஆனால் இழைப்பவரின் கைக்கு ஏற்றபடி ஊர்க் கொல்லர் அடித்துக் கொடுத்தது அது.

1815 இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமானது. 1832 இல் இராசகாரிய முறையும் ஒழிக்கப்பட்டது. கட்டாய உழைப்பு ஒழிந்தது நல்லதே. ஆனால் பட்டறையை ஆதரித்த அரசவை இல்லாமற்போனதும் வினைஞர் புதிய வாடிக்கையாளரைத் தேட வேண்டியதாயிற்று. வந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர். அவர்களுக்கு வெட்டும் கத்தி தேவைப்படவில்லை, நினைவுப் பொருளே தேவைப்பட்டது. பளபளப்புக் கூடியது, உருக்கு மெலிந்தது. இந்தச் சரிவைத் தடுக்கும் முயற்சிகளில் ஒன்றாகவே 1882 இல் கண்டிக் கலைச் சங்கம் தோன்றியது.

இந்த மாற்றத்தை ஆழமாக உணர்ந்து எழுதியவர் ஒரு தமிழர். கொழும்பில் 1877 இல் பிறந்த ஆனந்தக் குமாரசுவாமி, கனிப்பொருள் ஆய்வுப் பணிப்பாளராக மலைநாட்டில் சுற்றியவர். கல்லைத் தேடிப் போனவர் கலையைக் கண்டுகொண்டார். உருக்கு ஆக்கும் பழைய முறையை அறிந்தவர்கள் சிலர் பலாங்கொடைப் பக்கத்தில் அப்போது எஞ்சியிருந்தார்கள். அவர்களது செய்முறையையும், பட்டறைகளின் அமைப்பையும், கத்திகளின் வேலைப்பாட்டையும் தமது 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற ஆங்கில நூலில் பதிவுசெய்தார். 1908 இல் வெளிவந்த அந்த நூல், வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய கையச்சு இயந்திரத்தில் 425 பிரதிகள் மட்டுமே அச்சிடப்பட்டது. கைவினையைப் பற்றிய நூலும் கைவினையாகவே இருக்க வேண்டும் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும்.

இன்று பிஹா கெத்தகள் லண்டன், நியூயோர்க் நூதனசாலைகளிலும் தனியார் சேகரிப்புகளிலும் இருக்கின்றன. உலகெங்கும் கைக்கத்தி சேர்ப்பது பெரியதொரு ஈடுபாடு. அமெரிக்காவில் 1970 இலேயே கத்தி வினைஞர்கள் தமக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். அங்கே ஒருவர் தமக்கு வேண்டிய அலகையும் பிடியையும் சொல்லிச் செய்வித்துக்கொள்வதும், வாங்கியதைத் தம் கைக்கேற்ப மாற்றிக்கொள்வதும் சாதாரணம். புதிய கத்தியில் இதைச் செய்வதில் தவறேதும் இல்லை. கண்டிப் பிரதானி செய்ததும் அதுதானே.

பழைய கத்தியில் கை வைக்கும்போதுதான் சிக்கல் எழுகிறது. மாற்றங்களில் இரண்டு வகை உண்டு. உடைந்த பிடியை நூறு ஆண்டுகளுக்கு முன் உரியவர் கொம்பில் மாற்றியிருந்தால், அது அந்தக் கத்தியின் வாழ்க்கை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஓர் அலகை இன்னொன்றின் பிடியில் பொருத்தி, மூன்றாவதன் உறையில் இட்டு 'முழுமையானது' என்று விற்பது வியாபாரியின் ஒப்பனை. எழுத்தாணியைப் பிரித்துத் தனியே விற்றுவிடுவதும் உண்டு. வெறும் துவாரத்தோடு நிற்கும் உறை, அங்கே ஏதோ போய்விட்டது என்பதைச் சொல்லும். மினுக்கு மினுக்கென்று தேய்த்தால் நாலு சந்ததிகளாக ஏறிய நிறமும் போகும், வெள்ளிக் கொடியும் மெலியும். புதிதாகச் சாணை பிடித்தால் வினைஞன் வகுத்த விளிம்பே போய்விடும். மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, ஈரமற்ற இடம், உலர்ந்த துணி — இவை போதும்.

சட்டமும் உண்டு. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி தொல்பொருளை அனுமதிப்பத்திரம் இன்றி நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது. ஆபிரிக்க யானைத் தந்தத்தின் சர்வதேச வாணிபத்தை நிறுத்தும் தீர்மானம் 1989 இல் எடுக்கப்பட்டது. ஆசிய யானைக்கு அந்தத் தடை அதற்கு முன்பே இருந்தது. ஆகவே தந்தப் பிடியை ஆசைப்பட்டுப் புதிதாகப் போடுவது சட்டத்துக்கும் ஆகாது, மனத்துக்கும் ஆகாது.

சேகரிப்பு என்பதற்குள்ளே கொள்ளையும் ஒளிந்திருக்கலாம். 1765 இல் ஒல்லாந்தக் கம்பனிப் படை கண்டி அரண்மனையைச் சூறையாடியது. அப்போது சென்ற பொருள்கள் பின்னர் அம்ஸ்ரடாம் றைக்ஸ் நூதனசாலையை அடைந்தன. ஒல்லாந்த, இலங்கை ஆய்வாளர்கள் இணைந்து ஆராய்ந்த பின் 2023 இல் ஆறு பொருள்கள் இலங்கைக்குத் திரும்பின. வெள்ளியும் பொன்னும் இழைத்த பீரங்கி, இரண்டு வாள்கள், இரண்டு துப்பாக்கிகள். அவற்றோடு ஒரு கத்தியும். பீரங்கியின் முன்னால் அந்தக் கத்தி சிறியது. பத்திரிகைத் தலைப்புகள் பீரங்கிக்கே போயின. ஆனால் யாரோ ஒருவர் நாள்தோறும் இடுப்பில் செருகி, கையால் தொட்டுப் பழகிய வகைப் பொருள் அதுதான்.

புறநானூற்றில் ஔவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்த செய்தி நேயர்கள் அறிந்ததே. அங்கே ஆயுதங்கள் பீலி சூட்டி, நெய் பூசி, காவலோடு இருந்தன. அதியமானின் வேல்களோ நுனி முரிந்து கொல்லன் பட்டறையில் கிடந்தன. புகழ்வதுபோல் பழித்த அந்தப் பாட்டை அதியமானின் வீரத்துக்குச் சான்றாகவே நாம் படித்து வந்திருக்கிறோம். சேகரிப்பவருக்கும் அதில் ஒரு செய்தி இருக்கிறது. பொருள் பிழைத்திருப்பது கொட்டிலில் மட்டுமல்ல, கொல்லன் பட்டறையிலும்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் நூறு கத்திகள் பத்திரமாக இருந்து, அவற்றைப் போல் இன்னொன்றைச் செய்யத் தெரிந்த கை ஒன்றும் இல்லையென்றால் எமக்கு மிஞ்சுவது பாதிச் செல்வமே.

ஆகவே கத்தி சேர்க்க விரும்பும் அன்பர் பழையதைத் தேடி அலைவதற்கு முன்னால் தமது ஊரில் இன்னும் உலை மூட்டும் கொல்லர் ஒருவரைத் தேடிப் போகலாம். ஒரு சத்தகமோ பாக்குவெட்டியோ தம் கைக்கு அளவு கொடுத்துச் செய்விக்கலாம். பேரம் பேசாமல் கூலி கொடுக்கலாம். செய்தவரின் பெயரையும் ஆண்டையும் ஒரு தாளில் எழுதிப் பொருளோடு வைக்கலாம். பட்டல் ஹத்தரவின் அற்புதக் கத்திகளுள் மிகப் பெரும்பாலானவற்றைச் செய்தவர் யாரென்று இன்று எமக்குத் தெரியாது. உறையிலே எழுத்தாணி இருந்தும் அந்தப் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. இனிச் செய்யப்படுவனவற்றுக்காவது அந்தக் குறை வேண்டாம்.