கவரப்பட்ட இணைய முகவரிகளும் தடைப்பட்டியற் சான்றும்

நுவரெலியாவுக்குப் புகையிரதத்திற் செல்வோர் நானுஓயாவில் இறங்கியே செல்லல் வேண்டும். அந்நகருக்குரிய பொதியை எங்கே இறக்குவதென்பதைப் புகையிரதப் பகுதியே தீர்மானிக்கின்றது. இணையத்திலோ அத்தகைய தலைமைக் கந்தோர் எதுவுமில்லை. "இம்முகவரிகளுக்குரியவை என்னிடம் வரட்டும்" என ஒவ்வொரு வலையமைப்பும் தானே அறிவிக்கின்றது. அயல் வலையமைப்புகள் பெரும்பாலும் அதனை நம்பி வழிவிடுகின்றன. நுவரெலியாப் பொதிகளைத் தன்னிடமே இறக்குமாறு ஹற்றன் நிலையம் அறிவிக்க, வண்டிக் காவலரும் அதற்கு இசைந்தால் யாது நிகழுமோ, அதுவே முகவரிக் கவர்வு.

2008 பெப்ரவரி 24ஆம் நாள் பாக்கிஸ்தான் தொலைத்தொடர்பு நிறுவனம், தன் நாட்டில் யூடியூப்பைத் தடுக்கும் பொருட்டு அதன் முகவரிகளுள் ஒரு பகுதிக்கு இவ்வாறு அறிவித்தது. அவ்வறிவிப்பு எல்லை கடந்து பரவவே, ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உலகின் பல பகுதிகளில் யூடியூப் கிட்டாதொழிந்தது. அது தவறுதலாக நேர்ந்தது, உடனே வெளிப்பட்டது. நாம் ஈண்டு நோக்குவது வேண்டுமென்றே செய்யப்படும் ஓசையற்ற கவர்வினை.

நான்காம் பதிப்பு முகவரிகள் மொத்தம் ஏறத்தாழ 430 கோடியே. உலகப் பொது இருப்பு 2011 பெப்ரவரியில் தீர்ந்தது. இலங்கைக்கும் முகவரி வழங்கும் ஆசிய பசிபிக் பதிவகம் அவ்வாண்டு ஏப்ரலிற் பங்கீட்டு முறைக்கு வந்தது. முன்னாளிற் பெற்ற தொகுதிகளைப் பயன்படுத்தாது விட்டோரும், பெற்றபின் கலைந்துபோன நிறுவனங்களும் உளவாதலின், கவர்வோரின் கண் அவற்றின்மீது விழுந்தது.

வேண்டா மின்னஞ்சல் அனுப்புவோருக்குக் கறைபடாத முகவரி இன்றியமையாதது. போல் விக்சி 1997இல் தொடங்கிய தடைப்பட்டியலும், 1998இல் தோன்றிய ஸ்பாம்ஹோஸ் அமைப்பின் பட்டியல்களும் அவர்தம் பழைய முகவரிகளை அடைத்துவிட்டன. களவுக்குத் தூண்டிய அப்பட்டியலே களவைக் காட்டிக்கொடுக்கவும் செய்கின்றது. பல்லாண்டு உறங்கிய தொகுதியொன்றைத் தொடர்பில்லாத வலையமைப்பு திடீரென அறிவிக்கின்றது. சின்னாட்களில் அதே முகவரிகள் தடைப்பட்டியலில் ஏறுகின்றன. இவற்றுள் ஒன்று மட்டும் சான்றாகாது. உரியவரே தொகுதியை விற்றிருக்கலாம். கணினி நோய்த்தொற்றாலும் முகவரி பட்டியலில் ஏறலாம். ஆயின் இரண்டும் காலத்தால் நெருங்கி வரின், பதிவகத்தின் உரிமைப் பதிவையும் ஒரிகன் பல்கலைக்கழகம் பேணும் வழிப் பதிவுகளையும் ஒப்புநோக்கி முடிவுக்கு வரலாம்.

2006இல் ஜோர்ஜியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த அனிருத் ராமச்சந்திரனும் நிக் ஃபீம்ஸ்டரும் வேண்டா அஞ்சல்களை வழி அறிவிப்புகளோடு பொருத்திப் பார்த்தனர். சிலர் பெருந்தொகுதியொன்றைச் சில நிமிடங்களே அறிவித்து, அஞ்சலை அனுப்பியபின் மறைந்தமை புலனாயிற்று. இத்தகையோரைப் பட்டியல் எட்டிப்பிடித்தல் அரிது. 2015இல் வெளிவந்த பிறிதோர் ஆய்வு, நெடுநாள் நீடித்த கவர்வுகளும் பட்டியலுக்குத் தப்பியமையைக் காட்டிற்று. ஆகவே பட்டியலில் இல்லாமை தூய்மைக்குச் சான்றன்று. இதனை வற்புறுத்திக் கூறல் வேண்டும்.

ஸ்பாம்ஹோஸின் "வழிவிடாதீர், இணையாதீர்" என்னும் பட்டியல் கவரப்பட்ட தொகுதிகளையும் உள்ளடக்குவது. 2019 ஜூன் முதல் 2022 மார்ச் வரை அதில் இடம்பெற்ற 712 தொகுதிகளை ஆய்வாளர் சிலர் ஆராய்ந்தனர். கவர்வோர் முற்கூட்டியே பொய்ப் பதிவுகளை உண்டாக்கியிருந்தனர்; வேறு சிலர் பழைய உரிமையாளரின் வலையமைப்பு எண்ணையே சூடி வந்தனர். உரிமையாளர் இலக்கமுறைக் கையொப்பமிட்டு அனுமதித்த எண்ணையே ஒருவர் பூண்டதும் உண்டு.

பட்டியலால் நிரபராதிகளும் இடருறுகின்றனர். மலையகத்திற் பல லயக் குடும்பங்கள் தோட்டத்தின் பெயரையே பொது முகவரியாகக் கொண்டு வாழ்தலை நாம் அறிவோம். கைத்தொலைபேசி நிறுவனங்களும் முகவரிப் பஞ்சத்தால் பலரை ஒரே முகவரியின்கீழ் அமர்த்துகின்றன. ஒருவர் இழைத்த பிழையால் அம்முகவரி பட்டியலில் ஏறின், வேலைக்கு விண்ணப்பிக்க முனையும் இளைஞனுக்கும் வழி அடைபடக்கூடும். கவரப்பட்ட தொகுதியை மீட்டவருக்கும் இதே நிலைதான்: தொகுதி கைக்கு வந்தபின்னும் பட்டியற் கறை நீங்காதிருத்தல் கூடும். அவர் நீக்கம் கோருங்கால், உரிமைப் பதிவோடு கவர்வு நிகழ்ந்த நாட்களின் வழிப் பதிவையும் இணைத்தனுப்புதல் தக்கது.