பௌதிகவியல் படிக்காதவர் பல்கலைக்கழகம் போகுமுன்

இலங்கையில் க.பொ.த. சாதாரண தரம் வரை எல்லா மாணவரும் விஞ்ஞானம் படிக்கின்றனர். பௌதிகவியல் தனிப் பாடமாவது உயர்தரத்தில்தான். அது இடம்பெறும் விஞ்ஞானப் பிரிவு 1ஏபி வகைப் பாடசாலைகளில் மட்டுமே உண்டு. திருகோணமலை மாவட்டத்தில் கொட்டியாரக்குடாவை அண்டிய கட்டைபறிச்சான் பக்கத்துக் கிராமங்கள் போன்ற இடங்களில், ஊர்ப் பாடசாலையில் அப்பிரிவு இல்லையென்றால் பிள்ளை நகரத்துக்குப் போகவேண்டும். இயலாதபோது வேறு பிரிவுக்குத் திரும்பவேண்டும். 2013இல் தொடங்கிய தொழினுட்பப் பிரிவு இவர்களுக்குப் புதிய வழியைத் திறந்தது. அதில் படித்தவர்கள் கிளிநொச்சி, ஒலுவில் முதலிய இடங்களிலுள்ள தொழினுட்ப பீடங்களுக்குச் செல்கின்றனர். அங்கே விசை, மின், வெப்பம் என்று பௌதிகவியல் பல பாடங்களுக்குள் புகுந்து வருகிறது. உயிரியல் பிரிவில் பௌதிகவியலை விட்டு விவசாய விஞ்ஞானம் எடுத்தவர்களுக்கும் இதே நிலைதான்.

இந்தக் குறையை நிரப்பலாம். எங்கே தொடங்குவது என்பதில்தான் பலர் தடுமாறுகின்றனர். உயர்தரப் பாடத்திட்டத்தில் 11 அலகுகள் உள்ளன. அவற்றை முதல் நாளே திறப்பதைவிடப் பத்தாம், பதினோராம் தர விஞ்ஞான நூல்களுக்குத் திரும்புவது நல்லது. நேர்கோட்டு இயக்கம், நியூட்டனின் விதிகள், உராய்வு, நீர் அமுக்கம், மின்னோட்டம், அலைகள், ஒளி, வெப்பம் ஆகிய அனைத்துக்கும் அங்கே அத்திவாரம் இருக்கிறது. அரசு இலவசமாகக் கொடுக்கும் நூல்கள் அவை.

அடுத்தது கணிதம். சமன்பாட்டில் ஒரு கணியத்தை எழுவாயாக்குதல், பத்தின் அடுக்குகள், சைன், கோசைன், வரைபின் படித்திறன், காவிகளைக் கூட்டுதல் ஆகியவை கைவந்தபின்பே வகையீடும் தொகையீடும் படிக்கவேண்டும். வேக–நேர வரைபின் படித்திறன் ஆர்முடுகலைத் தரும். அதன் கீழுள்ள பரப்பு இடப்பெயர்ச்சியைத் தரும். இதை விளங்கிக்கொண்டவருக்கு நுண்கணிதத்தின் பாதிப் பயம் போய்விடும்.

பிறகு பொறியியல் (mechanics) அலகு. ஏனைய அலகுகள் அதன்மேல் நிற்பதால் இங்கே அவசரம் கூடாது. கணக்குகளைச் சொந்த ஊரிலிருந்தே எடுக்கலாம். திருகோணமலை–மூதூர் வீதியிலுள்ள கிண்ணியாப் பாலம் 396 மீற்றர் நீளம். மணிக்கு 36 கிலோமீற்றர் போகும் பேருந்து செக்கனுக்கு 10 மீற்றர் செல்வதால் அதைக் கடக்க ஏறத்தாழ 40 செக்கன் எடுக்கும். இன்னொன்று: மகாவலி கங்கை கொட்டியாரக்குடாவில் கலக்கிறது. கடல்நீரின் அடர்த்தி கனமீற்றருக்குச் சுமார் 1025 கிலோகிராம்; ஆற்றுநீருடையது 1000. கடலில் 1 கனமீற்றர் நீரை இடம்பெயர்த்து மிதக்கும் தோணி, ஆற்றுக்குள் வந்ததும் 1.025 கனமீற்றரை இடம்பெயர்க்கவேண்டும். அதனால் சற்று ஆழ அமிழும். ஆக்கிமிடீசின் தத்துவத்தால் வரும் விளைவு இது.

தமிழில் தேடிப் படிப்பவர் ஒரு விடயத்தில் கவனமாயிருக்கவேண்டும். தமிழ்நாட்டுக் காணொளிகளிலும் நூல்களிலும் இத்துறைக்குப் பெயர் இயற்பியல். பெயர் மட்டும் மாறினால் சிக்கல் இல்லை. ஒரே சொல் இரு கரைகளிலும் வெவ்வேறு பொருள் தருவதே சிக்கல். இலங்கையில் திணிவு எனப்படுவது அங்கே நிறை. இங்கே நிறை என்றால் புவி இழுக்கும் விசை. அங்கே அது எடை. 50 கிலோகிராம் நெல்மூட்டைக்கு இங்கே திணிவு 50 கிலோகிராம், நிறை ஏறத்தாழ 490 நியூட்டன். அதுபோல, திசையோடு கூடிய அளவை இங்கே வேகம் என்றும் திசையற்றதைக் கதி என்றும் சொல்வர். அங்கே முன்னது திசைவேகம், பின்னது வேகம். இங்குள்ள அமுக்கம் அங்கே அழுத்தம். இங்கே அழுத்தம் என்றால் வேறொரு கணியம். பல்கலைக்கழக விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கும். ஆகவே ஒவ்வொரு கணியத்துக்கும் இலங்கைச் சொல், தமிழ்நாட்டுச் சொல், ஆங்கிலச் சொல், குறியீடு, அலகு என ஐந்து நிரல்களில் ஒரு கொப்பி எழுதி வைத்தால் முதலாம் ஆண்டு முழுதும் உதவும்.

செய்முறையை வீட்டிலேயே தொடங்கலாம். ஒரு கல்லை நூலில் கட்டி, தொங்கும் இடத்திலிருந்து கல்லின் நடு வரை 1 மீற்றர் வரும்படி தொங்கவிட்டுச் சிறிதாக ஆட்டினால், 20 அலைவுகளுக்கு ஏறத்தாழ 40 செக்கன் ஆகும். அலைவுகாலம் 2 செக்கன். நீளத்தை 39.5ஆல் பெருக்கி, அலைவுகாலத்தின் வர்க்கத்தால் வகுத்தால் புவியீர்ப்பு ஆர்முடுகல் 9.8க்கு அருகே கிடைக்கும். பலமுறை அளந்து சராசரி எடுக்கும் பழக்கமும் வழுவைக் கணிக்கும் பழக்கமும் இப்படித்தான் வரும். வேணியர் இடுக்கியையும் நுண்மானித் திருகுக் கணிச்சியையும் வாசிக்க, பௌதிகவியல் ஆய்வுகூடமுள்ள பாடசாலை ஆசிரியரிடம் ஒரு நாள் கேட்டுப் பழகலாம்.

உயர்தரப் பரீட்சைக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் இடையே மாதக்கணக்கில் காலம் கிடைக்கிறது. இந்த வரிசையில் படிக்க அது போதும். எவ்வளவு தேறியிருக்கிறோம் என்று பார்க்க, உயர்தரப் பௌதிகவியல் முதலாம் வினாத்தாளின் 50 பல்தேர்வு வினாக்களில் பொறியியலுக்கும் மின்னோட்டவியலுக்கும் உரியவற்றைப் பிரித்தெடுத்துச் செய்யலாம். விடை சரியா என்பதோடு, எந்த விதியால் அது வந்தது என்பதையும் வாய்விட்டுச் சொல்ல முடிந்தால் விரிவுரை மண்டபத்துக்குத் துணிந்து போகலாம்.