இராக்காவலும் இரவு நோக்கியும்

சிறுமலை, பன்றிமலை, அய்யலூர்க் குன்றுகள் ஆகியவற்றின் அடிவாரங்களில் பயிரிடும் நம் அங்கத்தினர்களுக்கு விதைப்பது பாதி வேலை. விளைந்ததை வீடு கொண்டுவந்து சேர்ப்பது மறுபாதி. நிலக்கடலை காய் பிடிக்கும் பருவத்திலும், மக்காச்சோளம் கதிர் முற்றும் பருவத்திலும் காட்டுப்பன்றிகள் கூட்டமாக இறங்குகின்றன. ஓரிரவில் அவை கிளறிப் போடும் நிலத்தைக் காலையில் காண்பவர் மனம் பதைக்கும். கன்னிவாடி, ஒட்டன்சத்திரம் பக்கங்களில் யானையும், மலைச்சரிவுகளில் காட்டெருமையும் வருவதுண்டு. பரண் கட்டி, தகரம் தட்டி, விடியும் வரை விழித்திருப்பது இப்பகுதிக் குடியானவர்களுக்குப் பரம்பரையாக வந்த கடமை.

இப்பொழுது ‘நைட் விஷன்’ என்ற பெயரால் இரவு நோக்கிக் கருவிகள் பலவகையாக விற்பனைக்கு வந்திருக்கின்றன. வெளிநாடுகளில் இவற்றை வேட்டைக்கென்றே விளம்பரம் செய்கிறார்கள். ஆபத்துக் காலத்துக்கு வீட்டில் ஒன்று இருக்கட்டும் என்று வாங்குவோரும் உளர். நம்மவர்க்கு எது ஏற்றது, முதன்முதலில் வாங்குபவர் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை இங்கே ஆராய்வோம்.

சட்டம் கூறுவது

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவது நலம். நம் நாட்டில் இரவு நோக்கியை வேட்டைக் கருவியாகக் கருதுவதற்கு இடமே இல்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு வேட்டையைத் தடை செய்கிறது. தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்க நல்லெண்ணத்துடன் செய்யும் செயலுக்கு 11-ஆவது பிரிவு விலக்கு அளிக்கிறது. பயிரைக் காப்பது அந்த விலக்கில் அடங்காது.

காட்டுப்பன்றி விஷயத்தில் தமிழக அரசு 2025 ஜனவரியில் ஓர் ஏற்பாட்டை அறிவித்தது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரையில் பன்றியைச் சுடுதல் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரையில் வனத்துறையினர் பிடித்துக் காட்டில் விடுவர். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினரே சுடுவர். மூன்று வட்டத்திலும் துப்பாக்கி குடியானவர் கையில் இல்லை என்பதை நாம் மனத்தில் இருத்த வேண்டும்.

கண்ணி, அவுட்டுக்காய், திருட்டு மின்வேலி ஆகியவற்றைப் பற்றிக் கூறவே வேண்டியதில்லை. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே அனுமதியற்ற மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. வேலி போட்டவர் சிறை சென்றார். இருளில் என்ன வருகிறது என்று அறியாமல் வைக்கப்படும் பொறி, வருவது பன்றியா, யானையா, பக்கத்து வீட்டுப் பிள்ளையா என்று பார்ப்பதில்லை. இரவு நோக்கியின் மெய்யான பயன் இங்கேதான் தொடங்குகிறது. கொல்வதற்கன்று, அறிவதற்கே அது வேண்டும்.

மூன்று வகைகள்

கடையில் கிடைப்பவை மூன்று வகை.

முதலாவது, ஒளி பெருக்கும் குழாய் உடையது. நட்சத்திர ஒளியைப் போன்ற மிகச் சிறிய வெளிச்சத்தையும் இது மின்னணுக்களாக மாற்றி, அவற்றைப் பல்லாயிர மடங்கு பெருக்கி, பச்சைத் திரையில் காட்டும். பச்சை நிறத்தின் ஏற்றத்தாழ்வுகளை நம் கண் நன்றாகப் பிரித்தறிவதால் அந்நிறத்தைக் கொண்டார்கள். இராணுவத்துக்காக வளர்ந்த இக்கருவியில் முதல், இரண்டாம், மூன்றாம் தலைமுறை என்ற பாகுபாடு உண்டு. முதல் தலைமுறை மங்கலானது. மூன்றாவது மிகத் தெளிவானது, ஆனால் விலை இலட்சங்களில் ஏறும். அடர்ந்த மேகமும் அமாவாசையும் கூடிய இரவில் இதன் திறம் குன்றும். பகல் வெளிச்சத்தில் திறந்து பார்த்தால் குழாயே கெடவும் கூடும்.

இரண்டாவது, டிஜிட்டல் வகை. கைப்பேசிக் காமிராவில் இருப்பதைப் போன்ற சிலிக்கன் தகடு இதில் இருக்கிறது. கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியையும் அத்தகடு ஓரளவு உணரும். எனவே கருவியிலேயே ஓர் அகச்சிவப்பு விளக்கை வைத்து, அது பாய்ச்சும் ஒளியில் காட்சியைப் பிடிக்கிறார்கள். 850 நானோமீட்டர் விளக்கானால் தூரம் அதிகம். ஆனால் விளக்கின் முகம் மங்கிய சிவப்பாகத் தெரியும். 940 நானோமீட்டர் விளக்கானால் சிவப்புத் தெரியாது; தூரம் குறையும். மூன்று வகைகளிலும் விலை குறைந்தது இதுவே. படமெடுத்து வைக்கவும் உதவும். விளக்கு எரிவதால் பாட்டரி விரைவில் தீரும் என்பதும், தூறலிலும் பனியிலும் அவ்வொளி திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும் என்பதும் இதன் குறைகள்.

மூன்றாவது, வெப்பம் நோக்கி. ‘தெர்மல்’ என்று வழங்குவது இதுதான். உடல்கள் தாமே வெளிவிடும் 8 முதல் 14 மைக்ரான் வரையிலான வெப்பக் கதிர்களை இது உணர்கிறது. சந்திரனோ விளக்கோ வேண்டியதில்லை. குளிர்ந்த வயலில் சூடான உடல் வெள்ளைப் பொட்டாகத் தனித்து நிற்கும். இக்கதிரைக் கண்ணாடி மறைத்துவிடுவதால் இதன் வில்லையை ஜெர்மானியம் என்ற உலோகப்போலியால் செய்கிறார்கள். விலை ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. அடர்ந்த சோளத் தட்டைக்குள் நுழைந்துவிட்ட பன்றியையும் இது ஊடுருவிக் காட்டாது.

இரயில்பாதையில் யானைகள் மடிவதைத் தடுப்பதற்காகக் கோவையை அடுத்த மதுக்கரையில் 2024-இல் தமிழக வனத்துறை அமைத்த 12 கண்காணிப்புக் கோபுரங்களில் இத்தகைய வெப்பக் காமிராக்களே பொருத்தப்பட்டுள்ளன. வருவது யானை என்று முன்கூட்டியே அறிந்து இரயில் ஓட்டுநருக்குச் செய்தி அனுப்புவதே அங்கு நோக்கம்.

பெட்டியில் உள்ள எண்ணும் வயலில் உள்ள உண்மையும்

வெப்பம் நோக்கியின் பெட்டியில் ‘500 மீட்டருக்கு மேல் காணலாம்’ என்ற வகையில் ஓர் எண் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். இந்த எண்ணின் பொருளை அறியாமல் பணத்தைக் கொடுத்தல் ஆகாது.

நெசவாளர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஓர் அங்குலத்தில் இழைகள் நெருங்க நெருங்கப் புட்டாவின் உருவம் துல்லியமாகும். இழை குறைந்தால் மயிலும் வாத்தும் ஒன்றுபோல் ஆகிவிடும். கருவியின் திரையும் அவ்வாறே படப்புள்ளிகளால் நெய்யப்பட்டது. ஒரு விலங்கின் உருவம் எத்தனை புள்ளிகளில் விழுகிறது என்பதே கேள்வி. அமெரிக்காவில் ஜான் ஜான்சன் என்பவர் 1958-இல் வகுத்த கணக்கு இன்றும் வழக்கில் இருக்கிறது. ஏதோ ஒன்று இருக்கிறது என்று அறிய உயரத்தில் 2 புள்ளிகள் போதும். இன்ன வகை என்று உணர 8 புள்ளிகள் வேண்டும். இன்னதே என்று உறுதி கொள்ளச் சுமார் 13 புள்ளிகள் வேண்டும். இவ்வளவு இருந்தாலும் பாதிக்குப் பாதிதான் சரியாகச் சொல்ல இயலும் என்பதையும் சேர்த்துக் கொள்க.

12 மைக்ரான் புள்ளியும் 19 மில்லிமீட்டர் வில்லையும் உடைய கருவி ஒன்றை எடுத்துக்கொள்வோம். நூறு மீட்டரில் ஒரு புள்ளி 6.3 சென்டிமீட்டரைக் காட்டும். பன்றியின் உயரத்தை 70 சென்டிமீட்டர் என்று கொண்டால், 500 மீட்டருக்கு அப்பாலும் அது ஒரு பொட்டாகத் தெரியும். விலங்கின் வகை தெரிவது சுமார் 140 மீட்டருக்குள். உறுதி கொள்வது சுமார் 85 மீட்டருக்குள். அதே புள்ளியுடன் 10 மில்லிமீட்டர் வில்லை உள்ள மலிவான கருவியானால், வகை அறிவதே சுமார் 70 மீட்டருக்குள்தான். பெட்டியில் உள்ள எண் ‘ஏதோ இருக்கிறது’ என்ற முதற்படியை மட்டும் குறிப்பது.

நள்ளிரவில் மடை திருப்பக் குனிந்திருக்கும் மனிதரின் உயரமும் ஏறக்குறைய அந்த 70 சென்டிமீட்டரே. முந்நூறு மீட்டரில் அவரும் பன்றியும் ஒரே வெள்ளைப் பொட்டுதான். அந்தப் பொட்டை நோக்கிக் கல்லெறிவதோ, வெடி வீசுவதோ, நாயை ஏவுவதோ எவ்வளவு விபரீதத்தில் முடியும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆகவே வெப்பம் நோக்கியால் இருப்பிடத்தைக் கண்டு, வலுவான டார்ச் விளக்கால் இன்னதென்று உறுதி செய்து, குரல் கொடுத்த பிறகே விரட்டும் வேலையில் இறங்குவது முறை. யானை என்று தெரிந்தால் அதுவும் வேண்டாம். விலகி நின்று வனத்துறைக்குத் தெரிவிப்பதே கடமை.

நம் சீமைக்கு ஏற்ற சோதனை

குளிர்நாட்டில் எழுதப்பட்ட விளம்பரங்கள் திண்டுக்கல் வெயிலை அறியா. சித்திரை, வைகாசியில் பாறையும் வரப்பும் பகலில் உண்ட வெப்பத்தை இரவு வெகுநேரம் கக்கிக்கொண்டிருக்கும். அந்தி மயங்கிய பின் சிறிது நேரம் விலங்கின் உடலும் தரையும் ஒரே சூட்டில் இருப்பதால் படம் கலங்கும், பின்னிரவில் தெளியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த பயிரும் காற்றிலுள்ள ஈரமும் தூரத்தைக் குறைக்கும். எனவே கடையின் குளிர்சாதன அறையில் பார்த்துவிட்டு வாங்குதல் போதாது. அந்தி ஒருமுறை, நள்ளிரவு ஒருமுறை நம் வயலிலேயே சோதித்துக் காட்டும்படி கேட்க வேண்டும்.

வேறு சிலவும் கவனிக்கத் தக்கவை. ஐ.பி. 67 என்ற முத்திரை இருந்தால் ஒரு மீட்டர் நீரில் அரைமணி நேரம் தாங்கும் என்பது பொருள். பாட்டரி, கடைகளில் எளிதில் கிடைக்கும் 18650 போன்ற அளவினதாயும் கழற்றி மாற்றக் கூடியதாயும் இருத்தல் நன்று. விநாடிக்கு 9 படங்கள் மட்டும் காட்டும் கருவியில் ஓடும் விலங்கு துள்ளித் துள்ளித் தெரியும்; 25 அல்லது 50 படங்கள் காட்டுவது மேல். பழுது பார்க்கும் நிலையம் இந்நாட்டில் இருக்கிறதா என்று கேட்டு, உரிய பில்லும் உத்தரவாதமும் பெற வேண்டும். தேதியுடன் படம் பதியும் வசதி இருந்தால், பயிர்ச்சேத நிவாரணத்துக்கு மனுச் செய்யும்போது துணையாகும். துப்பாக்கியில் பொருத்தும் வகையைத் தொடவே வேண்டாம். கையில் பிடித்துப் பார்க்கும் ஒற்றைக்குழல் வகையே நமக்கு உரியது.

ஆபத்துக் காலத்துக்கென்று மட்டும் வாங்க எண்ணுவோர்க்கு ஒரு வார்த்தை. 2018 நவம்பர் 16-இல் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல் உள்நாட்டிலும் புகுந்து கொடைக்கானல் மலை வரை சேதம் விளைவித்தது. அத்தகைய இரவில் வீட்டுக்கு வேண்டியவை நல்ல தலைவிளக்கு ஒன்று, மாற்றுப் பாட்டரிகள், மின்னேற்றிய கைப்பேசி, குடிநீர் ஆகியவையே. சின்னாளப்பட்டி நெசவாளர் வீட்டில் நூலையும் பாவையும் மேட்டில் ஏற்றுவதற்கு இரவு நோக்கி பயன்படாது, விளக்கே பயன்படும். இவை யாவும் இருந்த பின்னர் எஞ்சிய பணத்தில் செய்ய வேண்டிய செலவு அது.

இரவின் மற்றக் குடிகள்

நம் மாவட்டத்தின் இரவு பன்றிக்கு மட்டும் உரியதன்று. திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பைக் கடவூர்த் தேவாங்குச் சரணாலயமாக 2022 அக்டோபரில் தமிழக அரசு அறிவித்தது. தேவாங்குக்கென நாட்டிலேயே முதலாவது சரணாலயம் இது. பயிர்ப் பூச்சிகளைத் தின்று வாழும் இச்சிறு பிராணி குடியானவருக்கு நண்பன். அதன் பெரிய கண்களில் வெள்ளை விளக்கை நெடுநேரம் பாய்ச்சுதல் கொடுமை. ஆராய்ச்சியாளர்கள் விளக்கின் மேல் சிவப்புத் தாள் ஒட்டிக்கொண்டு தேவாங்கைத் தேடுவது அதனால்தான். வேலியோர மரங்களில் இரண்டு பொறிகள் போல் கண்கள் மின்னினால், விளக்கைத் தாழ்த்திக்கொண்டு நம் வழியே செல்வோம்.

தனியாக வேண்டா, கூடி வாங்குவோம்

மூன்று வகைகளையும் சீர்தூக்கின், நம் அடிவாரக் காவலுக்கு வெப்பம் நோக்கியே சிறந்தது. ஆனால் அதன் விலை இரண்டு ஏக்கர் கடலைக்காரர் தனித்துத் தாங்கத் தக்கதன்று. விலைக்கு அஞ்சி ஒவ்வொருவரும் ஒரு மலிவான விளையாட்டுக் கருவியை வாங்கினால் ஊரில் பத்துப் பொம்மைகள் சேரும், காவல் சேராது. டிராக்டரையும் கதிரடிக்கும் இயந்திரத்தையும் சங்கத்தின் மூலம் வாடகைக்குப் பெற்றுப் பயன் கண்டவர்கள் நாம். அதே வழியில், அடுத்தடுத்த நிலங்களையுடைய அங்கத்தினர்கள் பத்துப் பேர் கூடி ஒரு நல்ல கருவியை வாங்கி, முறை வைத்துக் காவல் புரியலாம்.

அதற்குச் சில ஒழுங்குகள் தேவை. கருவி சங்கத்தில் இருக்க வேண்டும். யார், எந்த இரவு எடுத்தார், எப்போது திருப்பினார் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். பட்டா நிலத்துக்குள் மட்டும் பயன்படுத்த வேண்டும். காப்புக்காட்டு எல்லையைத் தாண்டலாகாது. வாங்குமுன் வனச்சரக அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்து மூலம் தெரிவித்து, அவர்கள் கூறும் விதிகளைக் கேட்டு நடத்தல் வேண்டும். பருவம் முடிந்ததும் பாட்டரியைக் கழற்றி, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்துடன் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும். வேட்டைக்கு எடுத்துச் சென்றவர் எவராயினும் அவருக்கு மறுமுறை கருவி இல்லை என்பதைப் பொதுப்பேரவையிலேயே தீர்மானமாக நிறைவேற்றிவிடுவது உத்தமம்.

முறை வைத்துக் காவல் புரிந்தால் ஒருவர் விழித்திருக்க ஒன்பது பேர் உறங்கலாம். கருவியின் விலையில் பாதி அந்த உறக்கத்திலேயே திரும்பி வந்துவிடும். நிலக்கடலைப் பருவம் தொடங்குமுன் அடிவாரக் கிராமங்களின் சங்கங்கள் இதனை ஆலோசனைக்கு எடுத்துக்கொள்ளுமென எதிர்பார்க்கிறோம்.