உடம்புக்கு ஒன்றுமில்லாதவரின் விடுப்பு

2022 பிப்ரவரி முதல் தேதி பள்ளிகள் மீண்டும் திறந்தன. மருங்காபுரி ஒன்றியத்தில் அப்போது நான் தலைமையாசிரியராக இருந்த தொடக்கப்பள்ளி ஓர் ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்புகள், ஐம்பத்துச் சொச்சம் பிள்ளைகள், நான், என்னைவிடப் பதினைந்து வயது இளைய ஓர் ஆசிரியை. திறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அவரிடமிருந்து அழைப்பு வந்தது.

“சார், எங்க வீட்ல அவருக்குப் பாசிட்டிவ்னு வந்துருச்சு. நான் வரலாமா, வேண்டாமா?”

“உங்களுக்கு எப்படி இருக்கு டீச்சர்?”

“எனக்கு ஒண்ணும் இல்ல சார்.”

“அப்ப மாஸ்க் போட்டுக்கிட்டு வாங்க. முடியாதுன்னா சி.எல். எழுதிக் குடுத்துருங்க.”

நான் சொன்னதில் தவறு இருப்பதாக அன்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆண்டுக்குப் பன்னிரண்டு நாள் தற்செயல் விடுப்பு. அதில் பாதியைப் பிப்ரவரியிலேயே கொடுத்துவிட்டால், மாமியாரை மாதந்தோறும் திருச்சி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிற அவர் மீதி ஆண்டை எப்படி ஓட்டுவார்? அதை அவர் எண்ணிப் பார்த்தார். நான் எண்ணிப் பார்க்கவில்லை. அவர் பள்ளிக்கு வந்தார். புதன்கிழமை மதியம் காய்ச்சல். வெள்ளிக்கிழமை எனக்கு. அடுத்த வாரம் எங்கள் சத்துணவுச் சமையலர் அம்மாவுக்கு. அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பினார். அவருக்குத் தொற்று எங்கள் மூலமாகத்தான் வந்ததா, சந்தையில் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த ஒன்பது நாளும் நான் எப்படி இருந்தேன் என்பது எனக்குத் தெரியும்.

பள்ளி மறுபடி நடக்கத் தொடங்கிய பிறகுதான் சண்டை வந்தது. “நான் வரலாமான்னு கேட்டேன். நீங்கதான் வரச் சொன்னீங்க” என்றார் ஆசிரியை. “சி.எல். போடலாம்னும் சொன்னேனே” என்றேன் நான். இரண்டும் உண்மை. ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு, பதிவேடுகளைப் பிள்ளைகள் மூலம் கொடுத்தனுப்பிக்கொள்கிற நிலைக்கு ஒரு மாதம் போனோம்.

இதை எழுதக் காரணம், இந்தச் சண்டை கொரோனாவோடு முடிந்துவிடவில்லை என்பதுதான். பொன்னுக்கு வீங்கி, அம்மை, தட்டம்மை என்று ஏதாவது ஒன்று ஒவ்வோர் ஆண்டும் ஏதோ ஒரு பள்ளியில் இதே கேள்வியைக் கொண்டுவருகிறது. நோய் வந்தவர் வீட்டில் இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்து, தனக்கு இன்னும் ஒன்றும் வராத ஒருவர் என்ன செய்ய வேண்டும், அந்த நாட்களை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதில்தான் தகராறு.

முதலில் உடம்பு சம்பந்தப்பட்ட பகுதியைப் பார்த்துவிடலாம். கிருமி உள்ளே புகுந்த நாளுக்கும் அறிகுறி தெரிகிற நாளுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. பல நோய்களில் அந்த இடைவெளியின் கடைசி நாட்களிலேயே அது அடுத்தவருக்குப் பரவத் தொடங்கிவிடும். கொரோனாவில் அறிகுறிக்கு ஓரிரு நாள் முன்பே பரவும். தட்டம்மையில் உடம்பில் தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே பரவும். தட்டம்மை கண்ட பிள்ளை எழுந்து போன பிறகும் அந்த அறைக் காற்றில் இரண்டு மணி நேரம் வரை கிருமி தங்கியிருக்கலாம். சின்னம்மையில் கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே பரவல் தொடங்கி, எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை நீடிக்கும். பொன்னுக்கு வீங்கியில் கன்னம் வீங்குவதற்கு இரண்டொரு நாள் முன்பும், வீங்கிய பிறகு ஐந்து நாளும் எச்சரிக்கை தேவை. ஆகவே “எனக்கு ஒண்ணும் இல்ல சார்” என்று அந்த ஆசிரியை சொன்னது பொய்யில்லை. அந்தப் பதிலை வைத்து நான் முடிவெடுத்ததுதான் பிழை.

ஆனால் நோயாளியோடு இருந்த எல்லாரையும் வீட்டில் உட்கார வைப்பதும் சரியாகாது. நோய்க்கு நோய் இது மாறும். அப்பாவுக்கு டெங்கு என்றால் பிள்ளையைப் பள்ளிக்கு வரவேண்டாம் என்று சொல்லக் காரணமே இல்லை. அது கொசு வழியாகப் பரவுவது, ஆளிடமிருந்து ஆளுக்கு நேரடியாக ஒட்டுவதில்லை. வீட்டில் காசநோயாளி இருந்தால், உடனிருப்பவர்கள் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அறிகுறி இல்லாதவர் வேலைக்கு வருவதில் தடை இல்லை. சின்னம்மை ஏற்கெனவே வந்து போனவருக்கு அது மறுபடி வருவது அரிது. அதே சின்னம்மை, முன்பு வராத ஒரு கர்ப்பிணி ஆசிரியைக்குப் பெரிய ஆபத்து. அவர் விஷயத்தில் மட்டும் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் மருத்துவரிடம் கேட்க வேண்டும். ‘தொற்று’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் ஒரே தீர்ப்புச் சொல்ல முடியாது.

எங்கள் ஊர்ப் பக்கம் இதற்கு ஒரு பழைய ஏற்பாடு உண்டு. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகிவிடுவார்கள். பார்த்தவர் திரும்பிப் போய்விடுவார். அந்த வீட்டுக்காரர்களும் விசேஷங்களுக்குப் போவதில்லை. மூன்று தண்ணீர் ஊற்றி முடியும்வரை இப்படித்தான். சமயபுரத்தாளே மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி இருபத்தெட்டு நாள் மக்களுக்காகப் பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள் என்று நம்புகிற மாவட்டம் இது; ஊருக்காக ஒருவர் ஒதுங்கியிருப்பது இங்கே அவமானமாகக் கருதப்பட்டதில்லை. அம்மைக்கு மருந்தே கூடாது என்ற பகுதியை மட்டும் நான் ஏற்கமாட்டேன். மற்றபடி, ஒதுங்கியிருந்த வீட்டுக்குக் கஞ்சியும் பாலும் வாசல்வரை கொண்டுவந்து வைத்துப் போன அக்கம்பக்கத்தார்தான் அந்த ஏற்பாட்டைத் தாங்கினார்கள். ஒதுங்கச் சொன்ன ஊரே அதற்கான செலவிலும் பங்கெடுத்தது.

அலுவலக விதிகளிலும் இந்த எண்ணம் இருந்திருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்திலிருந்து வந்த மத்திய அரசுப் பணி விதிகளில் ‘குவாரண்டைன் லீவ்’ என்றே ஒரு விடுப்பு இருந்தது. ஊழியருக்கு நோய் இருக்க வேண்டியதில்லை. அவர் வீட்டில் ஒருவருக்குப் பெரியம்மை, காலரா, பிளேக் போன்ற ஒன்று கண்டிருந்தால், மருத்துவ அல்லது சுகாதார அலுவலரின் சான்றின் பேரில் 21 நாள்வரை, தவிர்க்க முடியாதபோது 30 நாள்வரை தரலாம். அந்த நாட்கள் பணிக்கு வராத நாட்களாகக் கணக்கிடப்படுவதில்லை. 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், தொற்றுக்கு ஆளான பிள்ளையை மட்டுமல்லாமல் தொற்றோடு பழக நேர்ந்த பிள்ளையையும், சுகாதார அலுவலர் அறிவிப்புக் கொடுத்தால், அவர் சான்று தரும்வரை பள்ளிக்கு அனுப்பக் கூடாது என்றது. நோயாளி வேறு, நோயாளியோடு இருந்தவர் வேறு என்பதை அந்தக் காலத்தவர்கள் நன்றாகவே பிரித்து வைத்திருந்தார்கள்.

கொரோனா காலத்தில் இது மறுபடி எழுதப்பட்டது. தமிழ்நாட்டில் தொற்று, தனிமைப்படுத்தல் நாட்களைச் சிறப்புத் தற்செயல் விடுப்பாகக் கருத 2020இலேயே அரசாணை வந்தது. மத்திய அரசின் பணியாளர் துறை 2021 ஜூன் 7 அன்று வெளியிட்ட குறிப்பாணை இன்னும் நுட்பமானது. குடும்பத்தினருக்குத் தொற்று என்றால் 15 நாள் சிறப்புத் தற்செயல் விடுப்பு. தொற்றாளரோடு நேரடித் தொடர்பு ஏற்பட்டு வீட்டில் தனித்திருந்தவருக்கோ ஏழு நாள், விடுப்பாக அல்ல, பணியிலிருந்து வீட்டில் வேலை செய்ததாகவே கணக்கு. இந்த ஒரு வரியை அன்றே படித்திருந்தால் நான் “சி.எல். எழுதிக் குடுங்க” என்று சொல்லியிருக்க மாட்டேன். அது நமக்குப் பொருந்தும் ஆணை இல்லைதான். ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் யோசனை பொருந்தும். காய்ச்சல்காரர் தன் உடம்புக்காக வீட்டில் இருக்கிறார். உடம்புக்கு ஒன்றுமில்லாத அந்த ஆசிரியை வீட்டில் இருந்திருந்தால் அது எனக்காகவும் சமையலர் அம்மாவுக்காகவும் பிள்ளைகளுக்காகவும்தான். நமக்காக ஒருவர் இருக்கிற நாளை அவருடைய கையிருப்பிலிருந்து கழித்தால், அடுத்த முறை அவர் நம்மிடம் சொல்லவே மாட்டார்.

இங்கிலாந்தில் இதைச் சட்டத்தால் சரிசெய்யப் பார்த்தார்கள். 2020 செப்டம்பர் 28 முதல், சுகாதாரத் துறை தனித்திருக்கச் சொன்னவர் தனித்திருப்பது சட்டக் கடமை. அப்படிப்பட்டவரைத் தெரிந்தே வேலைக்கு வரவிட்ட முதலாளிக்கு ஆயிரம் பவுண்டிலிருந்து அபராதம். வருமானம் குறைந்தவர்களுக்கு 500 பவுண்டு உதவித்தொகை. வரச்சொன்ன மேலதிகாரியையும் பொறுப்பாக்கியது எனக்குச் சரியென்றே படுகிறது. அன்றைய என் நிலையில் நானே அந்த அபராதத்துக்கு உரியவன்.

இனி, நம்மிடையே சரியாகப் பேசப்படாத இரண்டு விஷயங்கள். ஒன்று, விடுப்பே இல்லாதவர்கள். மேற்சொன்ன ஆணைகள் காலமுறை ஊதியத்தில் இருப்பவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. 2022இல் பள்ளி மேலாண்மைக் குழு வழியாக மாதம் 7,500 ரூபாய்க்கு நியமிக்கப்பட்ட தற்காலிக இடைநிலை ஆசிரியர், ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை பெற்ற இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர், பள்ளியைக் கூட்டிப் பெருக்குகிறவர் ஆகியோர் வீட்டில் ஒருவருக்குத் தொற்று வந்தால், வாய்திறந்து சொல்வதற்குமுன் அவர்கள் கணக்குப் பார்ப்பார்கள். மறைத்தார்கள் என்று அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டாவது, வேலையை யார் பார்ப்பது என்பது. அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. அதில் ஒருவர் ஏழு நாள் வராவிட்டால் மற்றவர் ஐந்து வகுப்பையும் கட்டி மேய்க்க வேண்டும். “அவங்க வீட்ல சும்மாதானே இருக்காங்க” என்ற எரிச்சல் அங்கேதான் பிறக்கிறது. பக்கத்துப் பள்ளியிலிருந்து மாற்றுப் பணிக்கு ஓர் ஆசிரியரை அனுப்பும்படி வட்டாரக் கல்வி அலுவலரிடம் முதல் நாளே கேட்டுவிட்டால் பாதிச் சண்டை வராது. நான் அன்று கேட்கவில்லை. சமாளித்துவிடலாம் என்பது தலைமையாசிரியர்களுக்கு உள்ள ஒரு வியாதி.

இப்போது என் வருகைப் பதிவேட்டின் கடைசி அட்டையில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. இப்படி அழைப்பு வந்தால் நான் கேட்க வேண்டியவை அதில் இருக்கின்றன. என்ன நோய், மருத்துவர் உறுதிசெய்தாரா? ஒரே அறையில் படுக்கிறீர்களா, கடைசியாக எப்போது அருகில் இருந்தீர்கள்? இந்த நோய் உங்களுக்கு முன்பு வந்திருக்கிறதா, தடுப்பூசி போட்டதுண்டா? பதில்களை வைத்து நான் முடிவெடுப்பதில்லை. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் கேட்டு, அவர் சொல்வதை எழுத்தில் வாங்குகிறேன். அன்றே வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போய்விடும். நடைமுறையில் உள்ள ஆணையின்படி அந்த நாட்கள் எந்தத் தலைப்பில் வரும் என்ற கேள்வியும் அதிலேயே இருக்கும். ஊழியர் திரும்பி வந்தபிறகு அந்தக் கேள்வியைக் கேட்டால் அது வழக்காகிவிடுகிறது. யார் வீட்டில் என்ன நோய் என்பது அந்தத் தாளோடு நிற்கும். பிள்ளைகள் காதுக்கோ பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கோ போகாது.

தாள் இருந்தும் எல்லாம் சரியாகிவிடவில்லை. பிறகு ஒரு கோடையில், இப்போதுள்ள பள்ளியின் சமையல் உதவியாளர் வீட்டில் பேத்திக்குச் சின்னம்மை. அவருக்கோ சிறுவயதிலேயே அம்மை வந்துபோன தழும்பு முகத்தில் இருக்கிறது. மருத்துவரைக் கேட்டேன், பாட்டி வேலைக்கு வருவதில் தடையில்லை என்றார். ஆனால் மறுநாள் காலை ஏழெட்டுத் தாய்மார்கள் வாசலில் நின்றார்கள். வேப்பிலை செருகிய வீட்டிலிருந்து வந்த கையால் பிள்ளைகளுக்குச் சோறு போடக் கூடாது என்றார்கள். மருத்துவர் சொன்னதைச் சொன்னேன். “டாக்டரு ஊர்ல இல்ல சார், நாங்கதான் இருக்கோம்” என்றார் ஒருவர். முன்பு வரக்கூடாதவரை வரவழைத்தவன், இப்போது வரக்கூடியவரை உள்ளே விட முடியாமல் நின்றேன்.

“விடுங்க சார், மூணாந் தண்ணி ஊத்திட்டே வர்றேன்” என்று அவரே சொல்லிவிட்டார். அந்த நாட்களுக்கு அவர் சம்பளத்தில் கை வைக்காமல் இருக்க, மருத்துவரின் எழுத்தை இணைத்து ஒன்றியத்துக்குக் கடிதம் எழுதினேன்; அவரை வரவேண்டாம் என்றது ஊர்தான், அவர் வர மறுக்கவில்லை என்பதையும் அதில் சேர்த்தேன். அவர் வராத நாட்களில் சமையலரோடு சேர்ந்து காய் நறுக்கியவர்களில், முதல் நாள் வாசலில் நின்ற தாய்மார்கள் இருவரும் இருந்தார்கள். ஒன்பதாம் நாள் அவர் தலைக்குக் குளித்து, கொண்டையில் வேப்பிலைக் கொத்தோடு வந்து சேர்ந்தார். முட்டைக்கு உரிமைகோரும் வரிசை வழக்கம்போல அவர் முன்னால்தான் நின்றது.