புதுத் துவக்கா, புதுக் குழலா?

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கைக் காடுகளில் யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் கையாண்ட றைபிள் துவக்குகளுள் ஒன்று 21 இறாத்தல் நிறையுடையது. ஒரு சிறு குழந்தையின் பாரம் அது. அக்காலத்துத் துரைமாருக்குத் துவக்குச் சுமப்பதற்கென்றே ஆட்கள் இருந்தனர். ஆதலின் நிறையைப் பற்றி அவர்கள் பெரிதும் கவலை கொண்டிலர்.

ஐக்கிய அமெரிக்காவின் மேற்கே றொக்கி மலைத்தொடரில் இன்று மான் வேட்டைக்குச் செல்பவரின் நிலை வேறு. உரிமச் சீட்டுப் பெற்று, இலையுதிர் காலத்துச் சில வாரங்களுக்குள், எட்டாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில், மூச்சுக்குக் காற்றுப் போதாத சரிவுகளில் அவர் தம் துவக்கைத் தாமே சுமந்து ஏறவேண்டும். காலையில் ஒன்பது இறாத்தலாயிருந்த துவக்கு மாலையில் தொண்ணூறு இறாத்தலாகத் தோன்றும். அங்கு வாழும் ஐம்பது வயதைக் கடந்த ஒருவரை எண்ணிப் பார்ப்போம். தந்தை விட்டுச்சென்ற துவக்கு அவரிடம் உண்டு. முழங்கால் முன்போல் ஒத்துழைப்பதில்லை. துவக்கும் முன்போல் குறி தப்பாமல் சுடுவதில்லை. இவர் இலேசான புதுத் துவக்கு ஒன்றை வாங்குவதா, பழைய துவக்குக்குப் புதுக் குழல் பொருத்துவதா? அந்நாட்டு வேட்டைக்காரரிடையே ஓயாமல் விவாதிக்கப்படும் கேள்வி இது.

இதற்கு விடை காணுமுன் றைபிளின் உறுப்புகளை அறிதல் வேண்டும். தோளில் பொருந்தும் கட்டை ஒன்று. தோட்டாவை ஏற்றி அடைத்துப் பூட்டி வெடிக்கச் செய்யும் பூட்டுப்பொறி மற்றொன்று. சன்னம் ஓடும் குழல் மூன்றாவது. குழலின் உட்சுவரில் திருகுபுரி போன்ற வரிகள் வெட்டப்பட்டிருக்கும். அவ்வரிகளே சன்னத்தைச் சுழலச் செய்து நேராகச் செலுத்துகின்றன. குழல் பூட்டுப்பொறியினுள் திருகி இறுக்கப்பட்டிருப்பதால் அதனைக் கழற்றி வேறொன்றை அமைக்கலாம்.

இம்மூன்றனுள் தேய்வது பெரும்பாலும் குழலே. அதிலும் தோட்டா அறைக்குச் சற்று முன்னால், தொழிலாளர் 'தொண்டை' என வழங்கும் பகுதியே முதலில் கெடும். 1906ஆம் ஆண்டில் அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்டதும், இன்றும் வேட்டைக்குப் பெரிதும் பயன்படுவதுமான 'முப்பது-சுழி-ஆறு' என்னும் தோட்டா வெடிக்கும்போது சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 60,000 இறாத்தல் அழுத்தம் உண்டாகிறது. எஃகையே உருக்கவல்ல வெப்பமுள்ள வாயு ஒரு கணம் அந்தத் தொண்டையைத் தாக்குகிறது. அங்கே எஃகு மெல்ல மெல்ல வெடித்து அரிக்கப்படுகிறது.

ஆயினும் இத்தோட்டாவுக்குரிய குழல் பல்லாயிரம் வெடிகளைத் தாங்கும். ஆண்டுக்கு முப்பது தோட்டா சுடுபவர் மூவாயிரத்தை எட்டுவதற்கு நூறு ஆண்டு வேண்டும்! 1950களின் இறுதியில் வெளிவந்த 'புள்ளி 264 வின்செஸ்டர் மாக்னம்' போன்ற, சிறு துளைக்குப் பெருமருந்து இடும் தோட்டாக்களே குழலை விரைவில் தின்றுவிடுவன. ஆகவே 'குழல் தேய்ந்துவிட்டது' என வேட்டைக்காரர் சொல்லும்போது அதனை உடனே நம்பிவிடுதல் கூடாது. சன்னத்தின் செப்புறை குழலினுள் படிந்திருக்கலாம்; கட்டையையும் பொறியையும் பிணைக்கும் திருகாணி தளர்ந்திருக்கலாம்; தொலைநோக்கியின் பிடி ஆடியிருக்கலாம். நன்றாகத் துடைத்து, திருகாணிகளை இறுக்கி, மீண்டும் சுட்டுப் பார்த்தால் குணமடையும் துவக்குகள் பல.

உண்மையிலேயே கெட்ட குழல்களும் உண்டு. அமெரிக்கப் படைத் தோட்டாக்களிற் பலவற்றின் எரியூட்டியில் 1950களின் தொடக்கம் வரை குளோரேற்று உப்புச் சேர்ந்திருந்தது. அது எரிந்தபின் எஞ்சும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் குழலைத் துருப்பிடிக்கச் செய்யும். சுட்ட அன்றே நீரினாற் கழுவாத குழல் சில நாட்களில் உட்புறம் குழிவிழுந்து போயிற்று. தந்தைமார் மலிவாக வாங்கிய படைத் தோட்டா மைந்தரின் குழலில் இப்படித் தன் வரலாற்றை எழுதிவைத்திருப்பதும் உண்டு. அத்தகைய குழலுக்கு மாற்றுக் குழல்தான் மருந்து.

இனி நிறையைப் பார்ப்போம். வழக்கமான 24 அங்குல வேட்டைக் குழலை அகற்றி மெல்லிய 22 அங்குலக் குழலை வைத்தால் குறைவது அரை இறாத்தல் அளவே. முன்னைய குழல் தடித்த 26 அங்குலமாயின் ஓர் இறாத்தலுக்கு மேலும் குறையலாம். வாதுமை மரக்கட்டையை நீக்கிக் கண்ணாடி நார் அல்லது கரிநார்க் கட்டையை இட்டால் இன்னும் அரை இறாத்தலோ அதற்குச் சற்றுக் கூடவோ குறையும். பூட்டுப்பொறியோ இருந்தபடியே இருக்கும். ஆகவே ஒன்பது இறாத்தல் துவக்கை எவ்வளவு செப்பனிட்டாலும் ஏழரைக்குக் கீழே கொண்டுவருவது கடினம். தொடக்கத்திலிருந்தே இலேசாக வகுக்கப்பட்ட துவக்கில் பொறியே குறுகியிருக்கும். வின்செஸ்டர் நிறுவனம் 1952இல் வெளியிட்ட 'இறகு நிறை' வகை ஏறக்குறைய ஆறரை இறாத்தல். அதில் விசைக்காப்பைக்கூட அலுமினியத்தாற் செய்தனர். 1980களில் மேற்கு வேர்ஜீனியாவைச் சேர்ந்த மெல்வின் ஃபோர்ப்ஸ் என்பவர் பொறியையும் கட்டையையும் புதிதாக வகுத்து, தொலைநோக்கி நீங்கலாக ஐந்து இறாத்தல் அளவிலேயே துவக்கு அமைத்துக் காட்டினார்.

அப்படியாயின் இலேசானதே நல்லது என முடிவு கட்டிவிடலாமா? இயற்கை அவ்வளவு தாராளமானதன்று. ஒரே தோட்டாவைச் சுடும்போது எட்டு இறாத்தல் துவக்கைவிட ஆறு இறாத்தல் துவக்கு மூன்றில் ஒரு பங்கு அதிக சக்தியோடு தோளை உதைக்கும். உதைக்கு அஞ்சுபவர் விசையை இழுக்கும் கணத்திலே தம்மை அறியாமல் கண்ணை மூடிவிடுவர். மலையேறி மூச்சு வாங்குபவர் கையில் இலேசான துவக்கு காற்றில் அசையும் நாணல்போல ஆடும். மெல்லிய குழல் மூன்று நான்கு வெடிகளில் சூடேறிக் குறியை மாற்றவுங்கூடும். குழலைக் குறுக்கினால் ஓர் அங்குலத்துக்கு விநாடிக்கு 20 முதல் 30 அடி வரை வேகம் குறையும். வெடியோசையோ காதைப் பிளக்கும்.

அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்த பேராசிரியராயிருந்து, பின்னர் சஞ்சிகைகளில் துவக்குகளைப் பற்றி நெடுங்காலம் எழுதிய ஜாக் ஓக்கொனர் மலைச் செம்மறி வேட்டையில் பெயர்பெற்றவர். 1925இல் வெளிவந்த 'புள்ளி 270' தோட்டாவைப் புகழடையச் செய்தவரும் அவரே. அவர் மிக விரும்பிய மலைத் துவக்கு மேற்கூறிய 'இறகு நிறை' வகையைச் சேர்ந்தது. தொலைநோக்கியோடு ஏறக்குறைய எட்டு இறாத்தல். அதனைக் கொண்டு அவர் ஏறாத மலையில்லை. ஐந்து இறாத்தலைத் தேடி அலைபவர் இதனையும் சிந்திப்பது நன்று.

பழைய பொறியில் புதுக் குழல் பொருத்த நினைப்பவர், நிறைக்கும் விலைக்கும் முன்பாகக் கேட்கவேண்டிய கேள்வி, அப்பொறி உயிருக்கு நம்பத்தக்கதா என்பது. ஜெர்மனியில் பவுல் மௌசர் வகுத்த 1898ஆம் ஆண்டுப் பொறி இன்றும் பலரால் மதிக்கப்படுகிறது. ஆனால் அமெரிக்கப் படையின் 1903ஆம் ஆண்டு ஸ்பிரிங்ஃபீல்டு றைபிளில், 1918 வரை, அவ்வூர் ஆயுதச்சாலையில் ஏறக்குறைய 8,00,000 என்னும் எண்ணுக்கு முன் செய்யப்பட்டவற்றின் எஃகு சரியான முறையில் பதப்படுத்தப்படவில்லை. உலையின் வெப்பத்தைத் தொழிலாளர் கண்ணளவில் மதித்ததன் விளைவு அது. அவற்றுட் சில கண்ணாடிபோல நொறுங்கின. அத்தகைய பொறிக்கு எவ்வளவு சிறந்த குழலை வைத்தாலும், சுடுபவரின் முகத்துக்கு நான்கு அங்குலத்துக்குள் ஓர் ஆபத்தை வைத்துக்கொள்வதாகும்.

பொருத்தும் வேலையும் எளிதன்று. தோட்டா அறையின் ஆழம் சில ஆயிரத்திலொரு அங்குலம் மிகுந்தாலும் தோட்டாவின் பித்தளைக் கூடு இழுபட்டு அறுந்துவிடும். வாயு பின்னோக்கிப் பாயும். இதனாலேயே கம்மியர் இரண்டு அளவுகோல்களை இட்டுப் பார்ப்பர். ஒன்றின்மேல் பொறி அடைபட வேண்டும். மற்றதன்மேல் அடைபடக் கூடாது. பிரித்தானியாவில் புதுக் குழல் பெற்ற துவக்கு, விற்கப்படுமுன் இலண்டனிலோ 1813இல் நிறுவப்பட்ட பர்மிங்காம் சோதனைச்சாலையிலோ மிகையான அழுத்தமுள்ள தோட்டாவாற் சோதிக்கப்பட்டு முத்திரை பெறவேண்டும். அமெரிக்காவில் இத்தகைய கட்டாயம் இல்லை. அங்கே கம்மியரின் நேர்மையே முத்திரை. 1958இல் வெளிவந்த சவேஜ் 110 என்னும் வகையில் குழலை ஒரு சுரையாணி இறுக்கிப் பிடிப்பதால் வேலை எளிதாயிற்று. ஆயினும் அளவுகோலை இடாமல் விடலாகாது.

செலவுக் கணக்கும் பலருக்கு வியப்பளிப்பது. நல்ல குழலுக்கும் நல்ல கம்மியரின் கூலிக்கும் ஆகும் தொகையைவிடக் குறைந்த விலைக்கே இன்று ஆலையிற் செய்த புதுத் துவக்குக் கிடைக்கிறது. கைதேர்ந்த கம்மியரிடம் பல மாதம் காத்திருக்கவும் நேரும். பருவமோ எவருக்காகவும் காத்திருப்பதில்லை. போதாக்குறைக்கு, 1964ஆம் ஆண்டு வின்செஸ்டர் தன் 70ஆம் மாதிரியை மாற்றியமைப்பதற்கு முன் செய்த துவக்குகளை உருமாறாத நிலையிலேயே சேகரிப்போர் விரும்புகின்றனர். குழலை மாற்றியவுடன் அதன் மதிப்பிற் பெரும் பகுதி போய்விடும்.

மறுபக்கத்திலும் உண்மை உண்டு. முப்பது ஆண்டு பழகிய துவக்கின் காப்பு விசை எங்கே என்று இருளிலும் விரல் அறியும். தோள் அதன் கட்டையை அறியும். குறி தவறிய சன்னம் மானைக் கொல்லாமல் காயப்படுத்தினால், அவ்வுயிர் பனியில் இரத்தம் சொட்ட இரவு முழுவதும் அலைந்து மடியும். பழகாத கருவியோடு முதல்நாளே மலையேறுவோர் அதனைச் செய்யக்கூடியவர்.

ஆகவே, நாம் எண்ணிய மனிதர் ஓர் இறாத்தல் அல்லது ஒன்றரை இறாத்தல் குறைந்தாற் போதும் என்பாராயின், பொறியும் குற்றமற்றதாயின், புதுக் குழலே அவருக்கு ஏற்றது. கட்டையையும் அப்போதே மாற்றிக்கொள்ளலாம். மூன்று இறாத்தல் குறையவேண்டும் என்று முழங்கால் கேட்குமாயின், தந்தையின் துவக்கை வெட்டியும் அறுத்தும் வீண் செலவு செய்வதைவிட, எண்ணெயிட்டுச் சுவரில் வைத்துவிட்டுப் புதியதை வாங்குதல் தகும். எதனைத் தெரிந்தாலும், பருவம் திறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், மலையிற் பயன்படுத்தப்போகும் அதே தோட்டாவைக் கொண்டு, குழல் குளிர்ந்திருக்கையில் செல்லும் முதற் சன்னம் நூறு யார் தொலைவில் எங்கே படுகிறது என்பதை அவர் பல நாட்கள் பார்த்துக் குறித்துக்கொள்ளவேண்டும். மலையில் அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் அந்த முதல் வெடி ஒன்றுதான்.